இருபது இடம், பதின்மூன்று பிள்ளைகள்: தொழிற்பயிற்சிப் பணம் எப்படிக் கணக்காகிறது?

பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த பிள்ளையைத் தொழிற்பயிற்சியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் எங்களிடம் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "போன வருஷம் இருந்த கோர்ஸ் இந்த வருஷம் ஏன் இல்லை?" என்பது ஒன்று. "எப்படியும் இடம் காலியாகத்தானே கிடக்கிறது, எங்கள் பிள்ளை பாதியில் நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்பது இன்னொன்று.

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. இத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று நினைத்துத்தான் எந்தப் பயிற்சிக்கும் பணம் ஒதுக்கப்படுகிறது. நினைத்த எண்ணிக்கையும் வந்த எண்ணிக்கையும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அந்த வித்தியாசத்தை யார் தாங்குவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இந்த இதழில் அதைப் பாடமாகப் பார்ப்போம். கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

ஆள் குறைந்தால் செலவு குறையுமா?

ஒரு தையல் பயிற்சி வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதம், இருபது பேர் என்று திட்டம். இது விளங்குவதற்காக நாமே போட்டுக்கொள்ளும் கணக்கு.

ஆசிரியைக்கு மாதம் ரூ.15,000 வீதம் ஆறு மாதத்துக்கு ரூ.90,000. வாடகையும் கரண்ட் பில்லும் ரூ.30,000. மெஷின் பராமரிப்பு ரூ.10,000. ஆக ரூ.1,30,000. இருபது பேர் வந்தாலும் இரண்டு பேர் வந்தாலும் இந்தச் செலவு மாறாது. இதை நிலையான செலவு என்போம்.

துணி, நூல், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு ரூ.2,000. இருபது பேருக்கு ரூ.40,000. இது ஆளுக்கு ஏற்ப மாறும் செலவு.

மொத்தம் ரூ.1,70,000. இருபதால் வகுத்தால் ஆளுக்கு ரூ.8,500. பணம் தருபவர், "ஒரு பிள்ளைக்கு ரூ.8,500 தருகிறோம்" என்று ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

வகுப்பு தொடங்குகிறது. பதின்மூன்று பேர்தான் வருகிறார்கள். செலவு எவ்வளவு குறைந்தது? ஏழு பேருக்கான துணியும் நூலும் தேர்வுக் கட்டணமும் மட்டும்தான், அதாவது ரூ.14,000. வரவு எவ்வளவு குறைந்தது? ஏழு பேருக்கு ரூ.8,500 வீதம் ரூ.59,500. இரண்டுக்கும் நடுவே ரூ.45,500 துண்டு விழுகிறது. இப்போது ஒரு பிள்ளைக்கு ஆகும் உண்மையான செலவு ரூ.8,500 அல்ல, ரூ.12,000.

காலியிடத்தால் நஷ்டம் இல்லை என்று நாம் நினைப்பது இங்கேதான் தவறாகிறது. காலி நாற்காலிக்கும் வாடகை உண்டு. யாரும் உட்காராத மெஷினுக்கும் பராமரிப்பு உண்டு. அந்த ரூ.45,500 யாரோ ஒருவர் கையிலிருந்து போகத்தான் வேண்டும்.

நம் நாட்டுக் குறுகியகாலப் பயிற்சிகளில்

பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனா என்ற திட்டம் 2015 ஜூலை 15 அன்று தொடங்கியது. அதே நாளில் மத்திய அரசு, திறன் பயிற்சிகளுக்கான பொதுச் செலவு நெறிமுறைகளையும் அறிவித்தது. தொழில்களை மூன்று வகையாகப் பிரித்து, ஒரு பயிற்சியாளருக்கு ஒரு மணி நேரத்துக்கு ரூ.38.50, ரூ.33, ரூ.27.50 என்று அப்போது விகிதம் வைத்தார்கள். பிறகு இந்த விகிதங்கள் உயர்த்தப்பட்டன. கணக்கு போடும் முறையைப் புரிந்துகொள்ள முதல் விகிதமே நமக்குப் போதும்.

2016 முதல் 2020 வரை நடந்த இரண்டாம் கட்டத்தில், பயிற்சி நிறுவனத்துக்குப் பணம் மூன்று தவணையாக வந்தது. பேட்ச் தொடங்கியதும் 30 சதவீதம். தேர்வு முடிந்து சான்றிதழ் பெற்ற பிறகு 50 சதவீதம். வேலைவாய்ப்பைப் பார்த்து மீதி 20 சதவீதம்.

முப்பது பேர் கொண்ட ஒரு பேட்ச், 300 மணி நேரப் பயிற்சி என்று வைத்துப் பார்ப்போம். ரூ.38.50 வீதம் ஒருவருக்கு ரூ.11,550. முப்பது பேருக்கு ரூ.3,46,500. முதல் தவணையாக ரூ.1,03,950 வருகிறது. நிறுவனம் இடத்தை வாடகைக்குப் பிடிக்கிறது, பயிற்றுநரை நியமிக்கிறது.

நடுவில் ஐந்து பேர் நின்றுவிடுகிறார்கள். மீதி 25 பேரும் தேறிவிடுகிறார்கள். இரண்டாம் தவணையில் என்ன நடக்கும்? 25 பேருக்கான முழுத்தொகை ரூ.2,88,750. அதில் முதல் இரண்டு தவணைக்கான 80 சதவீதம் ரூ.2,31,000. நின்றுபோன ஐவருக்காக முன்பே கொடுத்த பணமும் இங்கே கழிக்கப்படும். ஆகவே ஏற்கெனவே தந்த ரூ.1,03,950 போக, கைக்கு வருவது ரூ.1,27,050. முப்பது பேரும் இருந்திருந்தால் ரூ.1,73,250 வந்திருக்கும். பயிற்றுநர் சம்பளமோ முப்பது பேருக்குப் பேசியதுதான்.

கடைசித் தவணைக்கும் நிபந்தனை உண்டு. பொது நெறிமுறைப்படி, சான்று பெற்றவர்களில் 70 சதவீதம் பேர் மூன்று மாதத்துக்குள் வேலைக்கோ சுயதொழிலுக்கோ போயிருக்க வேண்டும். குறைந்தது 50 சதவீதம் பேர் சம்பள வேலையில் இருக்க வேண்டும். 50க்கும் 70க்கும் இடையில் இருந்தால் அதற்கேற்ற பங்குதான். 50க்குக் கீழே போனால் அந்தத் தவணை கிடையாது. நம் கணக்கில் உள்ள 25 பேரில் 18 பேர் வேலைக்குப் போனால் முழுப்பணம். 12 பேர் மட்டும் போனால் பூஜ்யம்.

இந்தத் திட்டத்தின் முதல் மூன்று கட்டங்களில்தான் வேலைவாய்ப்பு எண்ணிக்கை இப்படிக் கண்காணிக்கப்பட்டது. நான்காம் கட்டத்தில் அந்த வழக்கம் விடப்பட்டது. ஊரக இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாய கிராமீண கௌசல்ய யோஜனாவில் தவணைகள் 25, 50, 15, 10 சதவீதம் என்று நான்காக இருந்தன. திட்டத்துக்குத் திட்டம் எண் மாறும். ஆனால் வந்து, இருந்து, முடித்த பிள்ளையின் பின்னால்தான் பணம் வருகிறது என்ற அடிப்படை மாறாது.

ஐ.டி.ஐ.யில் கணக்கு வேறு விதம்

ஐ.டி.ஐ.யில் மாதத் தவணைக் கணக்கு இல்லை. அங்கே எல்லாம் பிரிவுக் கணக்கு. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற தொழில்களில் ஒரு பிரிவுக்கு 20 இடம். கணினி இயக்குபவர் பிரிவுக்கு 24 இடம். அந்த எண்ணிக்கைக்குத் தக்க இடம், இயந்திரம், பயிற்றுநர் எல்லாம் இருந்தால்தான் மத்திய பயிற்சி இயக்ககம் அங்கீகாரம் தருகிறது.

அரசு ஐ.டி.ஐ. என்றால் பயிற்றுநர் சம்பளம் அரசு பட்ஜெட்டிலிருந்து வருகிறது. பதினைந்து பேர் இருந்தாலும் அந்த மாதச் சம்பளம் நிற்காது. அதனால் காலியிடத்தின் பாதிப்பு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. தனியார் ஐ.டி.ஐ.க்கு வருமானமே கட்டணம்தான். ஆகவே அங்கே உடனே தெரிந்துவிடும்.

ஆனால் அரசோ தனியாரோ, வருடக்கணக்கில் ஆள் சேராத பிரிவு அப்படியே நிலைத்திருக்காது. தொடர்ந்து சேர்க்கை இல்லாத பிரிவுகளின் அங்கீகாரம் விலக்கப்படுகிறது. ஒருமுறை போன அங்கீகாரத்தைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. மறுபடி விண்ணப்பம், மறுபடி ஆய்வு என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். "போன வருஷம் இருந்த கோர்ஸ் இந்த வருஷம் ஏன் இல்லை?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். அது இந்த வருடம் மூடப்பட்டிருக்கலாம். மூடுவதற்கான காரணம் அதற்கு முந்தைய வருடங்களிலேயே சேர்ந்துவிட்டது.

இங்கிலாந்து என்ன செய்கிறது?

இதே பிரச்சினையை வேறு நாடுகள் எப்படித் தீர்க்கின்றன என்று பார்த்தால் நம் நிலை இன்னும் விளங்கும். இங்கிலாந்தில் மூன்று முறைகள் பக்கம் பக்கமாக நடக்கின்றன.

முதலாவது, 16 முதல் 19 வயது வரையிலான மாணவர்களுக்கானது. ஒரு கல்லூரிக்கு இந்த வருடம் எவ்வளவு பணம் என்பதைப் போன வருடம் அங்கே படித்தவர்களின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்கிறார்கள். இந்த வருடம் ஆள் குறைந்தாலும் உடனே பணம் குறையாது, அடுத்த வருடம்தான் குறையும். கல்லூரிக்குச் சுதாரித்துக்கொள்ள ஒரு வருடம் கிடைக்கிறது. ஆனால் வளரும் கல்லூரிக்கு இது பாரம். 2020-21 கல்வியாண்டில் 16, 17 வயது முழுநேர மாணவருக்கு அடிப்படைத் தொகை 4,188 பவுண்டு. எதிர்பாராமல் நூறு பேர் கூடுதலாகச் சேர்ந்தால் 4,18,800 பவுண்டுக்கு உடனடி வரவு இல்லை. பெரிய வளர்ச்சி என்றால், அரசிடம் பணம் இருக்கும் பட்சத்தில், அந்த ஆண்டுக்குள்ளேயே ஓரளவு கூடுதல் நிதி தருவதுண்டு.

அங்கே ஒரு மாணவரை எண்ணிக்கையில் சேர்க்கவும் வரம்பு உண்டு. 24 வாரமோ அதற்கு மேலோ உள்ள படிப்பில் முதல் ஆறு வாரத்துக்குள் நின்றுவிட்டவர் கணக்கிலேயே வரமாட்டார். அதற்குப் பிறகு நின்று, படிப்பை முடிக்காமல் போனவருக்குப் பாதித் தொகைதான்.

இரண்டாவது, 2020 செப்டம்பரில் தொடங்கிய டி-லெவல் என்ற தொழிற்கல்விப் படிப்பு. புதிய படிப்புக்குப் போன வருட எண்ணிக்கை என்று ஒன்று ஏது? அதனால் ஆரம்ப வருடங்களில் கல்லூரிகள் சொன்ன திட்ட எண்ணிக்கையை நம்பியே பணம் தரப்பட்டது. வந்தவர்கள் அதைவிடக் குறைவாக இருந்தால், ஒரு சிறு வித்தியாசம் வரை விட்டுவிடுவார்கள். அதையும் தாண்டினால் மீதிப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். வெறும் ஆசையில் பெரிய எண்ணைச் சொன்னவருக்கு ஆண்டு முடிவில் கடன்தான்.

மூன்றாவது, பெரியவர்களுக்கான பயிற்சி. அரசு மானியம் பெறும் கல்லூரிகள், ஒதுக்கிய தொகையில் 97 சதவீதத்துக்குப் பயிற்சி நடத்தியிருந்தால் முழுப்பணமும் அவர்களுக்கே. அதற்குக் கீழே போனால் நடத்தாத பங்கைத் திருப்பித் தர வேண்டும். கொரோனா வந்தபோது 2019-20க்கு இந்த எல்லை 68 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுக்கு 90 சதவீதம் என்றார்கள். அதை அறிவித்தது 2021 மார்ச்சில், கல்வியாண்டு தொடங்கி ஏழெட்டு மாதம் ஆன பிறகு. ஊரடங்கில் வகுப்பறை மூடியிருந்த கல்லூரிகள், செலவழித்துவிட்ட பணத்தைத் திருப்பித் தரும் நிலைக்கு வந்தன. விதி கடுமையாக இருப்பதைவிட, தாமதமாகத் தெரிய வருவது பெரிய கஷ்டம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஒவ்வொரு முறைக்கும் ஒரு விலை

போன வருட எண்ணிக்கையை வைத்துத் தந்தால், வளரும் நிறுவனம் தவிக்கும். திட்ட எண்ணிக்கையை நம்பித் தந்தால், ஆண்டு முடிவில் கடன் வரும். தவணையாகத் தந்தால், கையில் முதல் இல்லாத சிறிய நிறுவனம் பயிற்சியைத் தொடங்கவே தயங்கும்.

தவணை முறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தலைக்கு இவ்வளவு என்று பணம் வரும்போது, தலையை எண்ணிக்கையில் காட்டும் ஆசை சிலருக்கு வந்துவிடும். "ஆதார் அட்டையை மட்டும் கொடுங்கள், வகுப்புக்கு வர வேண்டாம், சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அதன் பொருள் இதுதான். ஆதாருடன் இணைந்த கைரேகை வருகைப் பதிவு வந்தது இதைத் தடுப்பதற்காகவே. அப்படிப் பெயரைக் கொடுத்த பெண்ணோ பையனோ ஏற்கெனவே பயிற்சி பெற்றவராக அரசுப் பதிவில் நிற்பார். கையில் தொழில் இருக்காது. உண்மையான பயிற்சிக்குப் போகும்போது அந்தப் பதிவு குறுக்கே வரலாம். பொதுப் பணத்தில் பொய்க் கணக்குக்குத் துணைபோன குற்றமும் சேரும்.

ஆக, எந்த முறையானாலும் காலியிடத்தின் செலவு யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. கடைசியில் அது அடுத்து வரும் பிள்ளையின் வாய்ப்பைக் குறைப்பதில்தான் போய் முடிகிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

நம் குடும்பங்களில் பிள்ளைகள் பாதியில் நிற்பதற்கான காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான். வளைகுடாவுக்கு விசா வந்துவிட்டது. பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. வாப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கடையில் ஆள் வேண்டும். பஸ் நேரம் ஒத்துவரவில்லை. இவற்றில் சில நம் கையில் இல்லை. ஆனால் பல, சேர்வதற்கு முன்பே யோசிக்கக் கூடியவை.

• சேருமுன் கேளுங்கள்: எந்தத் திட்டத்தின் கீழ் பயிற்சி, மொத்தம் எத்தனை மணி நேரம், பேட்ச் எத்தனை பேர், எந்தத் தேதியில் தொடங்கும், சான்றிதழ் தருவது யார்? ஆள் சேராவிட்டால் பேட்ச் தள்ளிப்போகுமா என்பதையும் கேளுங்கள். தெளிவான பதில் தராத இடத்தில் அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம்.

• முதல் சில வாரத்தில் முடிவு எடுங்கள். பிள்ளைக்கு அந்தத் தொழில் பிடிக்கவில்லை என்றால் அப்போதே சொல்லி மாற்றுங்கள். ஆரம்பத்தில் காலியாகும் இடத்துக்குக் காத்திருப்பவர் வந்துவிட முடியும். நான்காம் மாதத்தில் காலியாகும் இடத்துக்கு யாரும் வர முடியாது.

• நிற்பதாக இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு நில்லுங்கள். சொல்லாமல் நிற்கும் பிள்ளையின் பெயர் பதிவேட்டில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

• ஐ.டி.ஐ.யில் தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். வீட்டு விசேஷங்களுக்கும் ஊர்ப் பயணங்களுக்கும் நாள் குறிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

• விசா வந்தால் உடனே கிளம்பிவிடத்தான் மனம் சொல்லும். வெல்டர் பயிற்சி ஒரு வருடம், எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம். முடிக்க இரண்டு மூன்று மாதமே இருந்தால், தேசியத் தொழிற்சான்றிதழோடு போகும் பையனின் நிலை வேறு, ஹெல்பராகப் போகும் பையனின் நிலை வேறு. ஏஜெண்டிடம் பேசி நாளைத் தள்ள முடியுமா என்று பாருங்கள்.

• பணக் கஷ்டம்தான் காரணம் என்றால் நிறுத்துவதற்கு முன் உதவிகளைப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் மாதம் ரூ.750 உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்கோ ஐ.டி.ஐ.க்கோ போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு.

மஹல்லா அளவில் நிதி தருவோருக்கு

ஜமாஅத்துகளும் சங்கங்களும் சொந்தமாகத் தையல், கணினி, மொபைல் சர்வீஸ் வகுப்புகள் நடத்துகின்றன. பெரிய அரசுகள் தடுமாறும் அதே இடத்தில்தான் நாமும் தடுமாறுகிறோம். எங்கள் கல்வி உதவிக் குழு இதற்காக ஐந்து விதிகளை வைத்துக்கொண்டிருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே தருகிறோம்.

ஒன்று, நிலையான செலவையும் ஆளுக்கான செலவையும் தனித்தனியே எழுதுவது. ஆசிரியர் சம்பளத்துக்கும் வாடகைக்கும் ஆள் குறைந்தாலும் பணம் தருவது. துணி, நூல், தேர்வுக் கட்டணத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கைப்படி தருவது.

இரண்டு, குறைந்தபட்ச எண்ணிக்கையை முன்பே சொல்லிவிடுவது. நம் கணக்கில் ஒரு பிள்ளைக்கு ரூ.12,000 வரை செலவழிக்கச் சம்மதம் என்றால் பதின்மூன்று பேர் போதும். அதற்குக் கீழே என்றால் தொடங்காமல், பக்கத்து மஹல்லாவோடு சேர்ந்து ஒரே வகுப்பாக நடத்துவது.

மூன்று, ஆறு வாரம் ஆனதும் ஒருமுறை தலையை எண்ணி, மீதிப் பணத்தை அந்த எண்ணிக்கைப்படி விடுவிப்பது.

நான்கு, மிஞ்சிய பணத்துக்கு வழியை முன்பே தீர்மானிப்பது. நன்கொடை தந்தவர் எந்த நோக்கத்துக்குத் தந்தாரோ அதை மீறாமல், அடுத்த பேட்சுக்கோ தேறிய பிள்ளைக்கு மெஷின் வாங்கித் தரவோ வைத்துக்கொள்ளலாம். ஜகாத் தொகை கலந்திருந்தால் அதைத் தனிக் கணக்கில் வைத்து, ஆலிம்களிடம் கேட்டே செலவழிக்க வேண்டும்.

ஐந்து, விதியை வகுப்பு தொடங்குமுன் எழுத்தில் தருவது. நடுவில் மாற்றாமலிருப்பது.

வருகிற சேர்க்கைக்கு இப்போதே வீட்டில் பேசத் தொடங்குங்கள். ஐ.டி.ஐ. விண்ணப்பங்கள் பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவை ஒட்டியே தொடங்கிவிடுகின்றன. மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று, சாதிச் சான்று, ஆதார், பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். சாதிச் சான்றில் பெயர் எழுத்து மதிப்பெண் சான்றோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். திருத்தம் வேண்டுமென்றால் தாலுகா அலுவலகத்துக்கு முன்கூட்டியே போங்கள். ஒரு எழுத்து வித்தியாசத்துக்காக அலைந்து, அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டால், காத்திருந்த பிள்ளைக்கும் இடம் இல்லை, காலியாக இருந்த இடத்துக்கும் பிள்ளை இல்லை.